பழைய ரேஸ் கேமைத் தூக்கிப் போடச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் கணினிக் கேள்வி-பதில் பகுதியில் சென்ற வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். இருபது வருடத்துக்கு மேல் பத்திரமாக வைத்திருந்த கார் ரேஸ் கேம் சிடியைப் புது லேப்டாப்பில் போட்டால் ஓடவில்லை, என்ன செய்யலாம் என்று. பதில் இரண்டே வரியில் முடிந்துவிட்டது: இன்றைய வன்பொருள் பழைய கேம்களுக்கு ஒத்துவராது, அதே வரிசையில் புதிதாக வந்ததை வாங்கிக்கொள்ளுங்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வன்பொருள் மேல் பழியைப் போடுவது சுலபம், ஆனால் அது உண்மையில்லை. கேட்டவர் அந்தப் பதிலை நம்பிச் சிடியைத் தூக்கிப் போட்டிருக்கக் கூடாதே என்ற கவலையில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த வன்பொருள் சங்கதி. 1990களில் பென்டியம் கம்ப்யூட்டருக்காக எழுதிய 32 பிட் (பிட் என்பது ப்ராசசர் ஒரே மூச்சில் கையாளும் எண்ணின் அளவு) நிரலின் கட்டளைகள் இன்றைக்கு விற்கிற இன்டெல், ஏஎம்டி ப்ராசசர்களுக்கும் அப்படியே புரியும். விண்டோஸ் 11 வெறும் 64 பிட்டாக மட்டுமே வருகிறது, இருந்தும் 32 பிட் நிரல்களை ஓட்டுகிறது. அதாவது கேமின் மூளை இன்னும் வேலை செய்கிறது. அதைச் சுற்றி இருந்தவைதான் காலி: வன்பொருளை விண்டோஸோடு பேச வைக்கும் ஒரு டிரைவர் மென்பொருள், ஒரு கிராஃபிக்ஸ் மொழி, ஒரு சிடி பூட்டு, ஒரு ஒலி ஒயர். ஒவ்வொன்றும் வெவ்வேறு வருடத்தில், வெவ்வேறு காரணத்துக்காக ஒழிந்தது. அதனால்தான் ஒரு கேம் இன்ஸ்டால் ஆகும்போதே நிற்கிறது, இன்னொன்று இன்ஸ்டால் ஆகி கருப்புத் திரையில் நிற்கிறது, மூன்றாவது ஓடுகிறது ஆனால் கார் ராக்கெட் மாதிரி பறக்கிறது. இவை மூன்றும் ஒரே நோய் கிடையாது, ஒரே மருந்தும் கிடையாது. ரைட் கிளிக் செய்து "கம்பாட்டிபிலிட்டி மோட், விண்டோஸ் 98" என்று டிக் அடித்துவிட்டு, ஓடவில்லையே என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அந்த டிக் சில கேம்களுக்கு உதவும், மறுக்கவில்லை. ஆனால் அது செய்வது பெரும்பாலும் விண்டோஸின் பதிப்பு எண்ணைப் பற்றிக் கேமிடம் பொய் சொல்வதும், சில பழைய பழக்கங்களைத் திரும்பக் கொடுப்பதும்தான். இல்லாத டிரைவரை அது எங்கிருந்து கொண்டுவரும்?

இன்ஸ்டாலரில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பாதிப் பேர் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள். 1990களின் நடுவில் வந்த பல கேம்கள் 32 பிட்தான், ஆனால் அதை ஹார்டு டிஸ்க்கில் நிறுவுகிற செட்அப் நிரல் மட்டும் 16 பிட். விண்டோஸ் 3.1 வைத்திருப்பவரும் சிடியைப் போட்டுப் பார்ப்பார், அவருக்கு ஒரு செய்தியாவது காட்ட வேண்டும் என்பதற்காக அப்படி வைத்தார்கள். 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரலை ஓட்டும் பகுதியே கிடையாது. ஆக, ஓடக்கூடிய கேம் உள்ளே இருக்கிறது, வாசல் கதவு மட்டும் திறக்கவில்லை. பழைய இன்ஸ்டால்ஷீல்டு வகைகள் சிலவற்றை விண்டோஸே அடையாளம் கண்டு, அதற்குப் பதில் 32 பிட் மாற்று ஒன்றை ஓசையில்லாமல் வைத்து ஓட்டிவிடும், அது நடந்தால் உங்கள் அதிர்ஷ்டம். நடக்காவிட்டால் சிடியில் உள்ள கோப்புகளைக் கையால் நகலெடுத்து, விண்டோஸின் அமைப்புக் குறிப்பேடான ரெஜிஸ்ட்ரியில் கேம் எதிர்பார்க்கிற சில வரிகளை எழுதிவிட்டால் போதும். பிரபலமான கேம்களுக்கு அந்த வேலையைச் செய்கிற மாற்று இன்ஸ்டாலர்களை ரசிகர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை: லினக்ஸில் வைன் என்ற மென்பொருள் 64 பிட் கணினியிலும் 16 பிட் விண்டோஸ் நிரல்களை ஓட்டுகிறது. அப்படியானால் தடை ப்ராசசரில் இல்லை என்பது தெரிகிறது அல்லவா. விண்டோஸுக்காகச் செய்த பழைய கேம் விண்டோஸில் ஓடாமல் லினக்ஸில் ஓடுவதைப் பார்க்கும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இன்ஸ்டால் செய்யும்போது இன்னொன்று, இது சின்ன விஷயம். "போதுமான இடம் இல்லை" என்று ஒரு டெராபைட் டிஸ்க்கைப் பார்த்துப் பழைய கேம் சொன்னால் அதை நம்ப வேண்டாம். 32 பிட் எண்ணில் காலி இடத்தைக் கணக்கிட்டு, எண் கொள்ளாமல் வழிந்து, மைனஸ் இத்தனை பைட் என்று அது புரிந்துகொண்டிருக்கும். ராமைப் பார்த்தும் சில கேம்கள் இதே போல உளறும். அப்புறம், புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் நிறுவாதீர்கள். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து அங்கே சாதாரண நிரல் எதுவும் எழுத அனுமதி கிடையாது, பழைய கேமோ சேமித்த ஆட்டத்தைத் தன் ஃபோல்டருக்குள்ளேயே எழுதப் பார்க்கும். சி டிரைவில் கேம்ஸ் என்று தனியாக ஒரு ஃபோல்டர் போட்டுக்கொண்டால் இந்தத் தலைவலி இல்லை.

சரி, இப்போது படம். இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பதில் எழுதியவர் "வன்பொருள் ஒத்துவராது" என்று சொன்னதற்கு ஏதாவது அடிப்படை இருந்தால் அது இங்கேதான் இருக்கிறது. 1996இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் முதல் வூடூ கிராஃபிக்ஸ் கார்டு வந்தது. அதற்கென்றே கிளைட் என்று ஒரு தனி கிராஃபிக்ஸ் மொழி. அந்த நாளில் விண்டோஸின் சொந்தக் கிராஃபிக்ஸ் மொழியான டைரக்ட்3டி இன்னும் தவழ்ந்துகொண்டிருந்தது, ஆகவே ரேஸ் கேம் செய்தவர்கள் பலர் கிளைட்டுக்கே எழுதினார்கள். 1997இல் வந்த நீட் ஃபார் ஸ்பீடு 2 எஸ்இ ஒரு நல்ல உதாரணம்: வூடூ கார்டு இருந்தால் ஒரு முகம், இல்லையென்றால் ப்ராசசரே புள்ளி புள்ளியாக வரைகிற இன்னொரு முகம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒன்றில் சாலை கட்டம் கட்டமாக ஓடும், மற்றொன்றில் வழுவழுவென்று ஓடும். 2000 டிசம்பரில் 3டிஎஃப்எக்ஸ் தன் சொத்துகளை என்விடியாவிடம் விற்பதாக அறிவித்தது, அத்தோடு அந்தக் கம்பெனியின் கதை முடிந்தது. கிளைட் பேசத் தெரிந்த கார்டு இன்று எந்தக் கடையிலும் கிடையாது. எனவே வன்பொருள் போய்விட்டது என்பது இந்த ஒரு இடத்தில் உண்மைதான்.

ஆனால் அது போனால் போகட்டும், கேமுக்கு அந்த விஷயம் தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் இதில் உள்ள அழகு. கேம் கார்டோடு நேராகப் பேசுவதில்லை. கிளைட்2எக்ஸ்.டிஎல்எல் என்ற கோப்பைக் கூப்பிட்டு, இந்த முக்கோணத்தை இங்கே வரை, இந்தப் படத்தை அதன்மேல் ஒட்டு என்று சொல்கிறது. விண்டோஸ் ஒரு டிஎல்எல் கோப்பைத் தேடும்போது பெரும்பாலும் நிரல் இருக்கும் ஃபோல்டரைத்தான் முதலில் பார்க்கும். ஆகவே அதே பெயரில், அதே கட்டளைகளுக்குப் பதில் சொல்லத் தெரிந்த வேறொரு கோப்பை அங்கே வைத்துவிட்டால் கேம் அதைத்தான் கூப்பிடும். அந்தப் புதுக் கோப்பு கிளைட் கட்டளையை வாங்கி இன்றைய கார்டுக்குப் புரிகிற மொழியில் மாற்றிக் கொடுக்கும். இதற்கு ரேப்பர் என்று பெயர். என்கிளைட் என்று ஒன்று, டிஜிவூடூ 2 என்று ஒன்று, இரண்டுமே இலவசம். டிஜிவூடூ கிளைட்டோடு நிற்காமல் விண்டோஸின் பழைய படம் வரையும் மொழியான டைரக்ட்டிராவையும் டைரக்ட்3டியின் பழைய பதிப்புகளையும் சேர்த்து டைரக்ட்3டி 11, 12க்கு மாற்றுகிறது. வூடூ கார்டை ஒருபோதும் தொட்டுப் பார்க்காதவரும் இன்று வூடூவின் படத்தைப் பார்க்க முடிகிறது, அதுவும் அன்றைக்கு யாரும் கனவு காணாத ரெசல்யூஷனில்.

அதில் ஒரு பின்விளைவும் உண்டு. 640க்கு 480 புள்ளியில் பார்த்தபோது மரமாகத் தெரிந்தது 4கேயில் பார்த்தால் இரண்டு அட்டைகளைக் குறுக்கே சொருகி நிறுத்தி வைத்தது பளிச்சென்று தெரியும். தூரத்துக் கட்டடங்கள் ஒன்றுமில்லாத இடத்தில் திடீரென்று முளைப்பதும் அன்றைக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. என் சொந்த அபிப்பிராயம், ரெசல்யூஷனை நடுத்தரமாக வைத்துக்கொள்வது நல்லது. அகலத் திரையில் இழுத்துப் போட்டுப் பார்ப்பதை மட்டும் செய்யாதீர்கள். 4:3 படத்தை 16:9க்கு இழுத்தால் டயர் முட்டை வடிவமாகிவிடும், சந்தில் திரும்பும்போது தூரக் கணக்கே தப்பும். இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை விட்டு ஓட்டலாம், அல்லது அந்தக் கேமுக்கென்று வைட்ஸ்கிரீன் பேட்ச் (கேமைத் திருத்தும் சின்ன நிரல்) இருக்கிறதா என்று பார்க்கலாம். நீட் ஃபார் ஸ்பீடு வரிசையில் 2003இல் வந்த அண்டர்கிரவுண்ட், 2005இல் வந்த மோஸ்ட் வான்டட் போன்றவற்றுக்கு ரசிகர்கள் செய்த நல்ல பேட்ச்கள் இருக்கின்றன. இவை படத்தை இழுப்பதில்லை, ஓரங்களில் கூடுதலாகப் பார்க்க வைக்கின்றன.

டைரக்ட்3டி கேம்களில் வேறு விதமான சிக்கல்கள். அந்தக் காலத்துக் கார்டுகள் செய்த சில வேலைகளை இன்றைய கார்டுகள் செய்வதே இல்லை, 256 நிறத் தட்டில் சுருட்டி வைத்த டெக்ஸ்ச்சர் (உருவங்களின் மேல் ஒட்டும் படம்) அதில் ஒன்று, டேபிள் ஃபாக் என்ற பனிமூட்ட வேலை இன்னொன்று. விளைவாகப் பனியில் மறைய வேண்டிய மலை பட்டப்பகலில் நிற்கும், அல்லது வானம் வெறும் வெள்ளையாக இருக்கும். கேம் ஓடுகிறது, ஆனால் என்னமோ சரியில்லை என்று தோன்றும். இதற்கும் மருந்து ரேப்பர்தான். இது இருபத்தைந்து வருடத்துக் கதை என்றும் நினைக்க வேண்டாம். 2022இல் இன்டெல் தன் ஆர்க் கார்டுகளிலும் 12ஆம் தலைமுறை ப்ராசசரோடு வரும் உள்ளமை கிராஃபிக்ஸிலும் டைரக்ட்3டி 9க்கு நேரடி ஆதரவு இல்லை, அதை டைரக்ட்3டி 12க்கு மாற்றித்தான் ஓட்டுவோம் என்று சொல்லிவிட்டது. பிறகு டிரைவரை மேம்படுத்தியபோது, லினக்ஸ்காரர்கள் விண்டோஸ் கேம்களை ஓட்டுவதற்காக வைத்திருந்த டிஎக்ஸ்விகே என்ற திறந்த மூல மென்பொருளை அதில் பயன்படுத்திக்கொண்டார்கள். தன்னார்வலர்கள் செய்து வைத்தது எவ்வளவு பெரிய இடம் வரை போயிருக்கிறது பாருங்கள்.

வேகத்தைப் பற்றி. விண்டோஸுக்கு முந்திய டாஸ் காலத்துக் கேம்கள் சில ப்ராசசர் எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகமாகவே காரையும் ஓட்டும். 486 கம்ப்யூட்டர்களில் டர்போ என்று ஒரு பொத்தான் இருந்ததே, பெயர் டர்போ என்றாலும் அது உண்மையில் இந்த மாதிரி பழைய நிரல்களுக்காக இயந்திரத்தை மெதுவாக்கத்தான் உபயோகப்பட்டது. இன்று டாஸ் கேம் என்றால் பழைய கம்ப்யூட்டர் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருள் போதும், அதில் ஒரு மில்லிநொடிக்கு எத்தனை சுழற்சி என்று நீங்களே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம், கார் இயல்பாக ஓடும் வரை. விண்டோஸ் கேம்களில் சிக்கல் கொஞ்சம் மறைவாக இருக்கும். ஒரு ஃப்ரேம், அதாவது திரையில் ஒரு முழுப் படம், வரைந்தால் காரை இவ்வளவு நகர்த்து என்று எழுதியிருந்தால், நொடிக்கு 30 ஃப்ரேமுக்குப் பதில் 300 ஃப்ரேம் வரும் கார்டில் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். சில கேம்களில் கார் மட்டும் சரியாக ஓடும், பிரேக் பிடிக்கும் விதமும் மோதித் தெறிக்கும் விதமும் மாறியிருக்கும். இது பழைய காலத்தவர்களின் அறியாமை என்று ஒதுக்கவும் முடியாது. 2013இல் வந்த நீட் ஃபார் ஸ்பீடு ரைவல்ஸ் கம்ப்யூட்டரில் 30 ஃப்ரேமில் பூட்டி வந்தது, அந்தப் பூட்டை அவிழ்த்து 60 ஆக்கியவர்களுக்கு உலகமே இரட்டை வேகத்தில் ஓடியது. அதற்குப் பதினைந்து வருடம் முன்பே, 1998இல், பாபிரஸ் செய்த கிராண்ட் பிரி லெஜண்ட்ஸில் காரின் இயற்பியல் கணக்கைப் படம் வரைவதிலிருந்து பிரித்து நொடிக்கு 288 தடவை செய்தார்கள், படம் நொடிக்கு 36தான். 1967 கிராண்ட் பிரி பருவத்தின் கார்களை வைத்துச் செய்த அந்தக் கேமை இன்னும் ஓட்டுகிற கூட்டம் இருக்கிறது, படத்தை 60 ஃப்ரேமுக்கு உயர்த்தும் பேட்ச் வரை அவர்களே செய்துகொண்டார்கள். எப்படி எழுதப்பட்டது என்பதில்தான் ஆயுள் இருக்கிறது, எப்போது எழுதப்பட்டது என்பதில் இல்லை. ஃப்ரேம் சிக்கலுக்கு எளிய வழி, கிராஃபிக்ஸ் டிரைவரின் அமைப்பிலோ ரேப்பரிலோ உச்ச ஃப்ரேம் எண்ணிக்கையை 60 என்றோ 30 என்றோ கட்டிவைப்பது. பல கோர் (ப்ராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) உள்ள ப்ராசசரில் தடுமாறுகிற கேமை டாஸ்க் மேனேஜரில் போய் ஒரே கோரில் கட்டிப்போட்டாலும் சில சமயம் சரியாகிவிடும்.

இசையை யாருமே சொல்வதில்லை. கேம் ஓட ஆரம்பித்த சந்தோஷத்தில் பாட்டு வரவில்லை என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை, ஏதோ ஒன்று குறைகிறதே என்று மட்டும் இருக்கும். அந்தக் காலத்துப் பல ரேஸ் கேம்களின் சிடி பாதி டேட்டா, பாதி பாட்டு சிடி. முதல் ட்ராக்கில் கேம், இரண்டாவது ட்ராக்கிலிருந்து சாதாரண பாட்டு சிடியில் இருப்பது போலவே இசை. ஆடியோ பிளேயரில் போட்டால் பாடும். கேம் என்ன செய்யும் என்றால், சிடி டிரைவிடம் "நான்காவது ட்ராக்கைப் போடு" என்று சொல்லிவிட்டு ரேஸைக் கவனிக்கப் போய்விடும். டிரைவிலிருந்து சவுண்ட் கார்டுக்கு மதர்போர்டுக்கு மேலே ஒரு மெல்லிய ஒயர் ஓடும், பாட்டு அதன் வழியாக நேரே ஸ்பீக்கருக்குப் போகும், ப்ராசசருக்கு அந்தப் பாட்டோடு சம்பந்தமே இல்லை. அந்த ஒயர் போய்விட்டது, பிறகு டிரைவும் போய்விட்டது.

இங்கேதான் மக்கள் நஷ்டப்படுகிறார்கள். பழைய சிடியைப் பத்திரப்படுத்துகிறோம் என்று ஐஎஸ்ஓ கோப்பாக நகலெடுத்து வைக்கிறார்கள். ஐஎஸ்ஓவில் டேட்டா ட்ராக் மட்டும்தான் வரும், இசை ட்ராக்குகள் வராது. கேம் ஓடிவிடுவதால் நகல் முழுதாக இருக்கிறது என்று நம்பிவிடுவார்கள், சில வருடம் கழித்து சிடி கீறி வீணான பிறகுதான் பாட்டு எங்கேயும் இல்லை என்று தெரியவரும். பின் (bin), க்யூ (cue) என்று இரண்டு கோப்பாக வரும் வடிவத்தில் நகலெடுங்கள். பின் கோப்பில் சிடியின் மொத்தமும் இருக்கும், க்யூ கோப்பு எந்த ட்ராக் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்லும் சின்ன எழுத்துக் கோப்பு, நோட்பேடில் திறந்தே படிக்கலாம். அதில் முதல் ட்ராக்குக்குப் பிறகு ஆடியோ என்று வரிசையாக இருந்தால் உங்கள் சிடி இந்த வகை. பின்னர் அந்த ட்ராக்குகளைத் தனித்தனி ஒலிக் கோப்புகளாகப் பிரித்து வைத்து, கேம் சிடியிடம் கேட்கும்போது இந்தக் கோப்பைப் போடு என்று மாற்றிவிடுகிற ரேப்பரும் இருக்கிறது.

ஸ்டீயரிங் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சவுண்ட் கார்டில் இருந்த கேம்போர்ட் என்ற பழைய இணைப்பில் சொருகிய பழைய ஸ்டீயரிங்கை மறந்துவிடுங்கள், விஸ்டாவிலேயே அதற்கான ஆதரவை எடுத்துவிட்டார்கள். யுஎஸ்பி ஸ்டீயரிங்கும் கேம்பேடும் பெரும்பாலும் வேலை செய்யும், ஆனால் ஆக்ஸிலரேட்டரையும் பிரேக்கையும் ஒரே அச்சாகப் பழைய கேம் பார்க்கும், இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யமாகிவிடும். அன்றைக்குப் பெடல்களே அப்படித்தான் இணைத்து வந்தன, கேமில் குறை ஒன்றுமில்லை. ஸ்டீயரிங்கின் டிரைவர் அமைப்பில் பெடல்களைச் சேர்த்துக் காட்டு என்று ஒரு தேர்வு இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

இதுவரை சொன்ன எதிலும் யாரையும் குறை சொல்ல முடியாது. கார்டு கம்பெனி மூடினால் மூடியதுதான், ஒயர் போனால் போனதுதான். பூட்டு அப்படியில்லை. 1990களின் கடைசியிலிருந்து பல கேம் சிடிகளில் சேஃப்டிஸ்க், செக்யூரோம் என்று திருட்டு நகல் தடுப்புப் பூட்டுகள் வந்தன. சேஃப்டிஸ்க் சிடியில் வேண்டுமென்றே கெட்ட பகுதிகளை வைத்து, அதைப் படிக்கத் தன் சொந்த டிரைவர் ஒன்றை விண்டோஸின் அடிவயிற்றில் கொண்டுபோய்ச் சொருகிவிடும். அந்த டிரைவரில் இருந்த ஒரு ஓட்டை வழியாகக் கணினியையே கைப்பற்றலாம் என்பது 2007இல் வெளிப்பட்டது. 2015இல் வந்த விண்டோஸ் 10 அந்த டிரைவரை ஏற்கவே இல்லை, அதே வருடம் செப்டம்பரில் வந்த பாதுகாப்பு அப்டேட் விஸ்டா, 7, 8லும் அதை முடக்கிவிட்டது. மைக்ரோசாஃப்ட் செய்தது சரி என்றுதான் நான் சொல்வேன். ஆனால் விளைவைப் பாருங்கள். காசு கொடுத்து வாங்கிய அசல் சிடி கையில் இருக்கிறது, படம் சரி, ஒலி சரி, ப்ராசசர் சரி, ஆனாலும் "சரியான சிடியைப் போடவும்" என்று அசல் சிடியைப் பார்த்தே கேம் கேட்கிறது. திருட்டு நகல் வாங்கியவருக்கு இந்தப் பிரச்சினை அன்றும் இல்லை, இன்றும் இல்லை. உங்களிடம் கேள்வி கேட்ட வாசகரின் கேம் அந்த வருடங்களைச் சேர்ந்தது என்றால் அவர் மாட்டியிருப்பது இந்த இடத்தில்தான் என்று பந்தயமே கட்டலாம்.

பூட்டுப் போட்டவர்கள் அதைத் திறக்கும் பேட்ச் ஒன்றைப் பிறகாவது வெளியிட்டிருக்கலாம், சிலர் வெளியிட்டார்கள், பலர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. இந்தப் பூட்டுப் பழக்கம் சிடியோடு ஒழியவும் இல்லை. 2021 கடைசியில் பெரிய கோர், சிறிய கோர் என்று இரண்டு வகை கோர்களோடு இன்டெல்லின் 12ஆம் தலைமுறை ப்ராசசர் வந்தபோது, சில கேம்களின் பூட்டு மென்பொருள் சிறிய கோரை வேறொரு கம்ப்யூட்டர் என்று நினைத்துக்கொண்டு ஓட மறுத்தது. ஓடக்கூடிய கேம், ஓட்டக்கூடிய ப்ராசசர், நடுவில் ஒரு பூட்டு.

"புதியதை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொன்னதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பழைய கேமையே காசு கொடுத்து மறுபடி வாங்கலாம் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். ஜிஓஜி என்ற கடை 2008இலிருந்து பழைய கேம்களைப் பூட்டில்லாமல், இன்றைய விண்டோஸில் ஓடும்படி சரிசெய்து விற்கிறது, அங்கே இருந்தால் வாங்குங்கள், மேலே சொன்ன தொல்லைகளில் பாதி குறையும். ஆனால் ரேஸ் கேம்களுக்கென்று ஒரு சாபம் உண்டு. உள்ளே இருப்பது நிஜக் கார் கம்பெனிகளின் கார், நிஜக் கலைஞர்களின் பாட்டு, அவற்றுக்கான உரிமம் சில வருடங்களுக்குத்தான். உரிமம் முடிந்ததும் கேமைக் கடையிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஃபோர்ஸா ஹொரைசன் 4 வெளிவந்தது 2018இல், விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது 2024 டிசம்பரில். நீட் ஃபார் ஸ்பீடு வரிசையில் கார்பன், அண்டர்கவர், ஷிஃப்ட், ஷிஃப்ட் 2, தி ரன் ஐந்தையும் 2021இல் ஒரே நாளில் டிஜிட்டல் கடைகளிலிருந்து எடுத்தார்கள். வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு, 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இப்போது விற்பனையில் இல்லை என்கிறது. அப்படியானால் அந்த வாசகரின் அலமாரியில் இருக்கும் சிடியைவிட்டால் அவருக்கு வேறு வழியே இல்லாமல் போகலாம், அதைத்தான் நீங்கள் தூக்கிப் போடச் சொல்கிறீர்கள்.

சிடியாவது கையில் இருக்கிறது. 2014இல் வந்த தி க்ரூ என்ற ரேஸ் கேமைத் தனியாக ஓட்டுவதற்கும் இணையத்தில் யுபிசாஃப்ட்டின் சர்வர் வேண்டும், 2024 மார்ச் 31 அன்று அதை நிறுத்தினார்கள், கேம் அத்தோடு போயிற்று. வாங்கியவர்கள் கொதித்துப்போய் ஆரம்பித்த ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கத்தின் ஐரோப்பியக் குடிமக்கள் மனுவில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அவர்கள் கேட்பது சர்வரைக் காலமெல்லாம் நடத்துங்கள் என்று அல்ல, நிறுத்தும்போது வாங்கியவன் ஓட்டிக்கொள்ள ஏதாவது ஒரு வழியை விட்டுவிட்டுப் போங்கள் என்றுதான். ரேப்பர் எழுதியவர்களையும் பேட்ச் செய்தவர்களையும் பாருங்கள், கேமின் மூல நிரல் அவர்களிடம் கிடையாது, இயங்கு கோப்பைப் பைட் பைட்டாகப் பார்த்து எங்கே ஃப்ரேம் கணக்கு இருக்கிறது, எங்கே திரை அகலம் இருக்கிறது என்று கண்டுபிடித்து, முடிந்ததை இலவசமாகக் கொடுக்கிறார்கள். தயாரித்தவர்கள் மூல நிரலையும் தரக்கூட வேண்டாம், விற்பதை நிறுத்தும் அன்றைக்குப் பூட்டை மட்டும் எடுத்துவிட்டால் மிச்சத்தை இவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கடைசியாக உங்கள் பகுதிக்கு ஒரு யோசனை. அந்த வாசகரிடம் மறுபடி கேட்டு எழுதச் சொல்லுங்கள்: கேமின் பெயர் என்ன, எந்த வருடம், எந்த இடத்தில் நிற்கிறது. செட்அப் ஆரம்பிக்கவே மாட்டேன் என்கிறதா, நிறுவிய பிறகு சிடியைக் கேட்கிறதா, கருப்புத் திரை வந்து டெஸ்க்டாப்புக்குத் திரும்பிவிடுகிறதா, ஓடுகிறது ஆனால் வேகம் தாறுமாறாக இருக்கிறதா? பிழைச் செய்தி ஏதாவது வந்தால் அதை ஒரு எழுத்து விடாமல் அப்படியே எழுதி அனுப்பட்டும். லேப்டாப்பில் டைரக்ட்பிளே வேண்டும் என்று விண்டோஸ் கேட்டால் தயங்காமல் சரி என்று அழுத்தட்டும், அது விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் பழைய பகுதிதான். கிராக் செய்த, அதாவது பூட்டை உடைத்த, இஎக்ஸ்இ கோப்பை ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கி ஓட்ட வேண்டாம், அதில் வேறு என்ன வரும் என்று சொல்ல முடியாது. விவரம் வந்தால் பதில் எழுதித் தர நான் தயார், உங்கள் நிபுணரே எழுதினால் இன்னும் நல்லது. அதுவரை அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான், சிடியை பின் (bin), க்யூ (cue) வடிவத்தில் இன்றைக்கே நகலெடுத்து வைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்